பேராதனையில் பொருளியல்: ஒரு கற்பித்தல் மரபின் வரலாறு

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதி வழியே தென்மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கைக்கும் ஹந்தானை மலைத்தொடருக்கும் இடையே பரந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பிக்கப்பட்ட வரலாற்றைப் பாடத்திட்ட மாற்றங்களின் வரலாறாகவோ, அங்கு பயின்று மத்திய வங்கியிலும் திட்டமிடல் அமைச்சிலும் உயர்பதவி வகித்தோரின் பெயர்ப்பட்டியலாகவோ எழுதிவிடுவது எளிது. ஆயினும் அத்துறையின் ஏற்ற இறக்கங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒருவருக்கு, அவற்றின் அடியில் ஓடும் கேள்வி வேறொன்று என்பது புலப்படும்: ஓர் ஆசிரியர் எத்தனை மாணவரைத் தம் அறைக்கு அழைத்து, அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துப் பார்த்து, எங்கே தருக்கம் இடறுகிறது என்று எடுத்துக்காட்ட முடிந்தது என்பதே அது. அந்த எண்ணிக்கை மாறிய போதெல்லாம் பேராதனைப் பொருளியலின் குணமும் மாறியிருக்கிறது.

1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. அதன் மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கு, அதாவது தமக்குக் கற்பிக்காத ஒரு நிறுவனம் வினாத்தாள் தயாரித்து விடைத்தாளையும் திருத்துகின்ற பரீட்சைக்குத் தோற்றினர். இத்தகைய ஏற்பாட்டில் ஆசிரியரின் கடமை, பிறர் கேட்கப்போகும் வினாக்களை ஊகித்து மாணவரைத் தயார்படுத்துவதாகச் சுருங்கிவிடுகிறது. தேயிலையையும் இறப்பரையும் தெங்கையும் நம்பி வாழ்ந்த ஒரு தீவின் மாணவர், இங்கிலாந்தின் வங்கிமுறையையும் தொழிற்சங்க வரலாற்றையும் மனப்பாடமாக அறிந்திருக்க, தமது ஊர்க் காணியின் குத்தகை முறையை ஒரு பொருளியல் வினாவாகக் காணும் பழக்கமின்றி வெளியேற நேர்ந்தது. 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுச் சொந்தமாகப் பட்டம் வழங்கத் தொடங்கியபோதுதான், கற்பிப்பவரே பரீட்சகராகவும் அமையும் நிலை உருவாயிற்று. முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்ட அறிஞர். எனினும் 1948இல் இலங்கைப் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிடும் அளவுக்கு அவருக்கு இவ்விடயத்தில் ஈடுபாடு இருந்தது. துணைவேந்தர் ஒருவரே தமக்கு அயலான ஒரு துறைக்கு நூல் எழுதித் தரவேண்டியிருந்தது, உள்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய வாசிப்புப் பொருள் அக்காலத்தில் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கும் சான்றாகும்.

பல்கலைக்கழகம் எங்கே அமைய வேண்டும் என்ற விவாதம், இடத்துக்கான போர் என்று பின்னாளில் பெயர் பெறும் அளவுக்கு நீண்டது. கொழும்பிலேயே அது இருக்கவேண்டும் என்றோர் ஒருபுறமும், நகரின் சந்தடிக்கு அப்பால் ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி வாழும் வதிவிடப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றோர் மறுபுறமும் நின்று வாதிட்டனர். இரண்டாவது அணிக்குப் பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தனவின் ஆதரவு இருந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கு முதலில் கருத்திற் கொள்ளப்பட்டு, பின்னர் பேராதனை தெரிவு செய்யப்பட்டது. பற்றிக் அபர்குரொம்பி, கிளிபட் ஹொலிடே ஆகியோரின் திட்டத்தையும் சேர்லி டி அல்விசின் கட்டடக்கலையையும் கொண்டு எழுந்த வளாகத்துக்கு 1949இல் சட்டம், விவசாயம் ஆகிய துறைகளின் மாணவர்கள் முதலில் வந்து சேர்ந்தனர். 1952 ஒக்ரோபரில் கலைப்பீடம் இடம்பெயர்ந்தபோது பொருளியலும் கண்டி மலைநாட்டுக்கு வந்தது. 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் வளாகத்தை முறைப்படி திறந்துவைத்தார். மாணவர் விடுதிகளுள் இரண்டுக்கு இராமநாதன், அருணாசலம் என்ற சகோதரரின் பெயர்கள் இடப்பட்டன. இவர்களுள் பொன்னம்பலம் அருணாசலம், 1906ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தை முன்னின்று நடத்தியவர். விடுதிகளின் பொறுப்பாளராகப் பல்கலைக்கழக ஆசிரியர்களே அமர்த்தப்பட்டமையால், விரிவுரை மண்டபத்தில் தொடங்கிய உரையாடல் விடுதியின் உணவுமேசை வரை நீளும் வாய்ப்பு அந்த அமைப்புக்குள்ளேயே பொதிந்திருந்தது.

காலநிலைக்காகவும் இயற்கை எழிலுக்காகவும் தெரிவு செய்யப்பட்ட அவ்விடம், பொருளியல் மாணவருக்கு ஒரு திறந்த பாடநூலாகவும் அமைந்தது. இது எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆற்றின் மறுகரையிலுள்ள கன்னொருவையில் 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பித் தோட்டம் அமைத்தார்; வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி ஏறிச்செல்லும் மலைப்பக்கத்தில், லூல்கந்துரை என்ற தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தொழிக்க, அக்கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே மாதத்தில் முறிந்து விழுந்தது. அதன் நாணயத்தாள்கள் நாட்டில் பரவலாகப் புழங்கியமையால், தேசாதிபதி ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரச உத்தரவாதம் வழங்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டே நாணயத்தாள் வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து அரசுக்கு மாற்றப்பட்டது. ஒரு பயிரில் பற்றிய பூஞ்சணம் ஒரு நாட்டின் நாணய முறையையே மாற்றியமைத்த இந்த நிகழ்வுத் தொடரை விளங்கிக்கொள்ள, பேராதனை மாணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தால் போதுமாயிருந்தது.

பட்டப்படிப்பின் அமைப்பும் ஆசிரியரின் கவனத்தை மையமாகக் கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. முதலாம் ஆண்டில் மாணவர் சில பாடங்களைச் சேர்த்துப் பயின்று பொதுக் கலைத் தகுதித் தேர்வு எழுதுவர். மாணவர் வழக்கில் இது ஜீ.ஏ.கியூ. என்றே அறியப்பட்டது. அதில் சிறந்த பெறுபேறு பெற்றோர் ஒரே துறையை ஆழமாகப் பயிலும் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட, ஏனையோர் மூன்று ஆண்டுகளில் பொதுப் பட்டம் பெற்றனர். சிறப்புப் பட்ட வகுப்பு சிறியது; அதன் உயிர்நாடி டியூட்டோரியல் என்ற வகுப்புமுறை. ஆசிரியர் ஒருவர், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர் குழுவொன்றுக்கு ஒரு வினாவையும் வாசிக்க வேண்டிய நூல்களையும் முன்கூட்டியே கொடுப்பார். மாணவர் அவ்வினாவுக்குக் கட்டுரை எழுதி வருவர். குறித்த நாளில் ஆசிரியரின் அறையில் அக்கட்டுரை வாசிக்கப்பட்டு அல்லது திருத்தித் திருப்பித் தரப்பட்டு, அதன் ஒவ்வொரு படியும் விசாரணைக்கு உள்ளாகும். எடுத்துக்காட்டாக, தேயிலை விலை வீழ்ந்தால் தோட்டங்கள் உற்பத்தியைக் குறைக்கும் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தால், நட்ட செடியைப் பிடுங்க முடியுமா, கொழுந்து பறிக்காது விட்டால் செடிக்கு என்ன ஆகும், தொழிலாளிக்கு வேறு வேலை உண்டா, இல்லையெனில் கூலி எவ்வளவு தூரம் இறங்கும் என்று அடுக்கடுக்காக எழும் கேள்விகள், நூலில் வரைந்த நிரம்பல் வளைகோட்டை, அதாவது விலைக்கேற்ப விற்பனைக்கு வரும் அளவைக் காட்டும் கோட்டை, மலைச்சரிவில் நிற்கும் ஓர் உண்மைத் தோட்டத்தோடு பொருத்திப் பார்க்கும்படி அவரை நிர்ப்பந்திக்கும். விரிவுரையில் ஒளிந்துகொள்ளலாம், டியூட்டோரியலில் ஒளிய இடமில்லை.

இம்முறைக்கு உயிரூட்டிய முதல் தலைமுறை ஆசிரியருள் வங்காளத்தைச் சேர்ந்த பேராசிரியர் பி. பி. தாஸ்குப்தா முதன்மையானவர். 1949இல் வெளிவந்த அவரது இலங்கைப் பொருளாதாரம் பற்றிய சிறு மதிப்பாய்வு நூல், மேலைத்தேயக் கோட்பாட்டை உள்நாட்டுத் தரவுகளோடு சேர்த்துக் கற்பிக்க முயன்ற தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அவரை அடுத்து வந்தோருள் எச். ஏ. டி எஸ். குணசேகரவின் பெயர் தனித்து நிற்கிறது. 1962இல் வெளிவந்த அவரது நூல், 1825 முதல் 1957 வரை இலங்கையின் நாணய அனுபவத்தை, சார்பு நாணயத்திலிருந்து மத்திய வங்கிமுறை வரையான பயணமாக ஆராய்ந்தது. சார்பு நாணயம் என்பது இங்கு சற்று விளக்கத்துக்குரியது. 1884க்குப் பின்னர் நாணயத்தாள் வெளியிட்ட நாணய ஆணையாளர் சபை, வெளிநாட்டுச் சொத்துகளின் பின்னணி இருந்தால் மட்டுமே புதிய ரூபாயை வெளியிடலாம். இலங்கை ரூபாயோ இந்திய ரூபாயோடு சம மதிப்பில் பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே தேயிலைக்கும் இறப்பருக்கும் உலகச் சந்தையில் நல்ல விலை கிடைத்த ஆண்டில் நாட்டில் பணம் பெருகும். விலை வீழ்ந்த ஆண்டில், பணம் மிகவும் தேவைப்படும் அதே வேளையில், அது சுருங்கும். நெருக்கடியைத் தணிக்க வேண்டிய கருவியே நெருக்கடியைக் கூட்டும் இந்த முரணை ஒரு மாணவர் புரிந்துகொண்டால், 1950இல் மத்திய வங்கி ஏன் நிறுவப்பட்டது என்பதை அவர் மனனம் செய்ய வேண்டியதில்லை.

ஆசிரியரின் கவனம் வகுப்பறைக்கு வெளியேயும் சென்றது என்பதற்குக் கண்டிக்கு வடகிழக்கே, மகாவலிக்கு அப்பால் உள்ள பாத்ததும்பறைப் பகுதியே சாட்சி. பல்கலைக்கழகம் அங்கு நடத்திய சமூக பொருளாதார அளவீட்டின் அறிக்கையை, பொருளியலாளர் என். கே. சர்க்காரும் சமூகவியல் விரிவுரையாளர் எஸ். ஜே. தம்பையாவும் 1957இல் சிதைந்துவரும் கிராமம் என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டனர். கண்டிக் கிராமம் தன்னிறைவான, ஒற்றுமை மிக்க குடியிருப்பு என்று அரசியல் மேடைகளில் புகழப்பட்ட காலத்தில், காணியின்மையும் துண்டுபட்ட வயல்களும் ஏற்றத்தாழ்வான வருமானமும் நிறைந்த வேறொரு கிராமத்தை அவ்வறிக்கை காட்டியது. இப்பகுதியின் நிலவுடைமை முறைகள் எந்தப் பாடநூலிலும் அடங்காதவை. அந்தே முறையில் குத்தகைக்காரர் விளைச்சலில் பெரும்பாலும் பாதியைக் காணிக்காரருக்குக் கொடுக்க வேண்டும். தட்டுமாறு முறையிலோ, பிரிக்கவியலாத அளவுக்குச் சிறுத்துப்போன வயலொன்றைப் பங்காளிகள் ஆண்டுக்கு ஒருவராக மாறி மாறிச் செய்கை பண்ணுவர், ஆதலால் சிலருக்குத் தமது முறை வரப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு வேறொருவர் உழப்போகும் வயலுக்கு இவ்வாண்டு எருவிட எவர் முன்வருவார் என்ற கேள்வி, முதலீட்டு ஊக்கம் பற்றிய ஒரு நூலின் பல பக்கங்களுக்கு ஈடானது. 1958இல் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரரின் உரிமைகளை வரையறுக்க முற்பட்டபோது, அதன் பின்னணியிலிருந்த பிரச்சினை பேராதனையில் அதற்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது.

இச்சிறு ஆசிரியர் சமூகத்துக்குள் நாட்டின் பிளவும் நுழைந்தது. பொருளியல் விரிவுரையாளராயிருந்த எவ். ஆர். ஜயசூரிய, 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டமூலத்தில் தமிழுக்குச் சலுகை எதுவும் இடம்பெறக் கூடாது எனக் கோரிப் பாராளுமன்ற வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார். அதே ஆண்டில் கல்லோயாக் குடியேற்றப் பகுதிக்கு மாணவர் குழுவொன்றை ஆய்வுக்காக அழைத்துச் சென்றிருந்த தம்பையா, அங்கு மூண்ட இனக்கலவரத்தின் நடுவே அகப்பட்டார். யாழ்ப்பாணத்தவரான தம்பையா 1960இல் நாட்டைவிட்டுச் சென்று பின்னாளில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் உலகறிந்த மானிடவியலாளரானார். இனமோதல் பற்றி அவர் எழுதிய நூல்களுக்குக் கல்லோயாவில் கண்டதும் ஒரு தூண்டுதல். அக்காலத்தில் தனித் துறையாகப் பிரியாது பொருளியல் துறையோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்ட அரசறிவியலை அங்கு போதித்தவருள் ஒருவர், தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மருமகனான ஏ. ஜெயரத்தினம் வில்சன். மொழிக் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களில் நின்ற இவர்கள் ஒரே மாணவருக்கு அடுத்தடுத்த மணிநேரங்களில் கற்பித்திருக்கக்கூடிய ஒரு காலம் இருந்தது என்பதை, பின்வந்த தலைமுறைகள் எளிதில் நம்பமாட்டா.

1950களின் இறுதி, இலங்கைப் பொருளியலுக்கு வெளியுலகின் கவனம் கிடைத்த காலமும் ஆகும். திட்டமிடல் சபையின் அழைப்பில் ஜோன் றொபின்சன், நிக்கலஸ் கால்டோர், குன்னார் மிர்டால், ஒஸ்கார் லாங்கே, ஜோன் ஹிக்ஸ், கல்பிறெய்த் ஆகியோர் எழுதிய கட்டுரைகள் 1959இல் ஒரே தொகுப்பாக வெளியாயின. உலகின் முதல்தரப் பொருளியலாளர் தத்தம் கோணத்திலிருந்து ஒரே சிறு நாட்டைப் பற்றி எழுதி, ஒருவரோடொருவர் முரண்பட்டு நின்ற அத்தொகுப்பைவிடச் சிறந்த டியூட்டோரியல் வினாத்தாள் கிடைத்திருக்க முடியாது.

எனினும் அப்போது பயிற்றுமொழி மாறத் தொடங்கிவிட்டது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, மத்திய கல்லூரிகள் வழியாகக் கிராமப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தின் வாயில்வரை கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் சிங்களத்திலோ தமிழிலோ கற்று வந்தவர்கள். 1960ஆம் ஆண்டளவில் கலைப்பீடத்தில் தாய்மொழி வழிக் கற்பித்தல் தொடங்கியபோது, ஒரே பாடம் மூன்று மொழிகளில் நடத்தப்பட வேண்டியதாயிற்று. இதை வீழ்ச்சியின் தொடக்கம் என்று புலம்புவது ஆங்கிலவழிப் பட்டதாரிகளிடையே வழக்கமாயிற்று. அவ்வாறு புலம்பியோர், முன்னைய ஏற்பாட்டில் எத்தனை கிராமத்துப் பிள்ளைகள் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே வேளை, இழப்பு எதுவும் நேரவில்லை என்பதும் உண்மையாகாது. மாணவர் தொகை 1960களில் பன்மடங்காகப் பெருகியது. அப்பெருக்கம் பெரும்பாலும் கலைப்பீடத்திலேயே நிகழ்ந்தது. ஆசிரியர் தொகை அதே வேகத்தில் வளரவில்லை. சிங்களவழி வகுப்புகள் பெரிய மண்டபங்களுக்கு மாற, டியூட்டோரியல் என்ற பெயர் எஞ்சிய போதும் அதன் உள்ளடக்கம் பலவிடத்துச் சிறு விரிவுரையாகவே தேய்ந்தது.

தமிழ்வழி வகுப்பின் நிலை வேறு. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தமையால், வதிவிடப் பல்கலைக்கழகத்தின் சிற்பிகள் விரும்பிய நெருக்கம் அங்கே எவரும் எதிர்பாராத வகையில் எஞ்சி நின்றது. தமிழில் விரிவுரையாற்றக்கூடிய ஆசிரியர் மிகச் சிலரே ஆதலால், ஒருவரே நுண்பாகப் பொருளியலையும், அதாவது தனி நுகர்வோரதும் நிறுவனத்தினதும் தீர்மானங்களை ஆராயும் பகுதியையும், நாட்டின் மொத்த உற்பத்தி, விலைமட்டம், தொழில்மட்டம் ஆகியவற்றை ஆராயும் பேரினப் பொருளியலையும், போதாக்குறைக்கு இலங்கைப் பொருளாதார வரலாற்றையும் கற்பிக்க நேர்ந்தது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு உதவியது. கேள்வியும் நிரம்பலும் சென்மதி நிலுவையும் இவ்வாறு வகுப்பறைத் தமிழாயின. இவற்றுள் சென்மதி நிலுவை என்பது ஒரு நாடு பிறநாடுகளுக்குக் கொடுக்கவேண்டியதற்கும் அவற்றிடம் பெறவேண்டியதற்கும் இடையிலான கணக்கு. ஆனால் சொற்றொகுதி பாடநூலாகிவிடாது. ஆங்கிலத்தில் வந்த புதிய நூல்களை ஆசிரியர் முதல்நாள் இரவு வாசித்து, மறுநாள் தமிழில் சுருக்கிச் சொல்ல, மாணவர் அதை வார்த்தை தவறாது எழுதிக்கொண்டனர். அந்தக் குறிப்புப் புத்தகம் அடுத்த அணிக்கும் அதற்கடுத்த அணிக்கும் கைமாறியது.

இவ்விடத்தில் அம்முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியரே நூலகமாகவும் ஆகிவிட்ட நிலையில் அவரது அக்கறை மாணவருக்குப் பெரும் பேறாக அமைந்தது. அவரோடு மாறுபடுவதற்கான வாயிலையும் அதே அக்கறை அடைத்துவிட்டது. ஆங்கிலவழி டியூட்டோரியலில் மாணவர் ஒருவர் தாஸ்குப்தா சொன்னதை ஜெனிங்சின் நூலைக் கொண்டு மறுக்கலாம். குறிப்பை மட்டும் நம்பிய மாணவர் எதைக் கொண்டு எதை மறுப்பது? இதை நன்கு உணர்ந்த ஆசிரியர்களே, குறிப்பு எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், மாணவரை நூலகத்தின் ஆங்கில அடுக்குகளுக்கு அனுப்பி, அகராதியோடு ஓர் அத்தியாயத்தையாவது வாசித்து வரும்படி வற்புறுத்தியவர்கள். நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் உரிமை கொண்ட பேராதனை நூலகம் அவ்வற்புறுத்தலுக்குத் துணைநின்றது.

பட்டம் பெற்றோருக்கு வேலை கிடைக்காமை 1960களின் இறுதியில் அரசியல் பிரச்சினையாயிற்று. 1971 ஏப்ரலில் வெடித்த மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியில் பேராதனை மாணவர் பலர் ஈடுபட்டனர். அதே ஆண்டு சர்வதேசத் தொழில் தாபனத்துக்காக டட்லி சியர்ஸ் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கை, கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் தரக்கூடிய வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையே இலங்கையின் வேலையின்மையின் மையம் என வாதிட்டது. அவ்வேளையில் திட்டமிடல், தொழில்வாய்ப்பு அமைச்சின் செயலாளராக இருந்தவர் பேராதனையிலிருந்து சென்ற குணசேகரவே. பட்டதாரிகளை உருவாக்கிய பேராசிரியரே அவர்களுக்கு வேலை தேடித்தரும் திட்டத்தையும் வரைய நேர்ந்தது. அமைச்சுக்குப் போன பொருளியலாளர் வகுப்பறைக்கு இழப்பே என்ற முணுமுணுப்பும் அக்காலத்துக்குப் புதிதன்று.

1970களின் தொடக்கத்தில் வந்த, பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாகச் சரிசெய்த தரப்படுத்தலும் அதைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாண மாணவரின் பல்கலைக்கழக வாய்ப்பைக் கடுமையாகக் குறைத்தன. தமிழர் அரசியலின் போக்கையே மாற்றிய காரணங்களுள் அதுவும் ஒன்று. அதே மாவட்ட ஒதுக்கீடு, கல்வியில் பின்தங்கியதாகக் கொள்ளப்பட்ட நுவரெலியா போன்ற மாவட்டங்களின் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கதவைத் திறந்தது என்பதும் வரலாறே. ஒரே கொள்கை ஒரே மொழி பேசும் இரு சமூகங்களை எதிரெதிர்த் திசைகளில் பாதித்த இவ்வுண்மை, தமிழில் எழுதப்படும் கல்வி வரலாறுகளில் போதிய இடம் பெறுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருக்கு அரச உத்தியோகமே எட்டாதிருந்தது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. ஹற்றன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சில பாடசாலைகளே உயர்தரம் வரை கொண்டுசென்றன. விஞ்ஞானத்துக்கு வேண்டிய ஆய்வுகூடமும் ஆசிரியரும் அரிதாகையால், பல்கலைக்கழகத்தை எட்டிய மலையகப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் கலை, வர்த்தகப் பாடங்கள் வழியே வந்தனர். பொருளியலுக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அவர்களுக்கோ அது பிறந்த வீட்டிலேயே இருந்தது. செக்ரோல் என வழங்கும் சம்பளப் பதிவேட்டில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் வீட்டுக் கணக்கு எப்படிக் குலையும் என்பதை அறிந்த பிள்ளைக்கு, கூலிக் கோட்பாட்டில் எந்த எடுகோள் பொய்யானது என்பதை எவரும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை; அதை ஒரு வாதமாக எழுதக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியரின் வேலையாக எஞ்சியது.

மலையகச் சமூகத்திலிருந்து வந்து, பெருந்தோட்டப் பொருளாதாரத்தைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டு, அத்துறையிலேயே பேராசிரியராக உயர்ந்த மு. சின்னத்தம்பியின் வாழ்வு இம்மாற்றத்தின் அளவுகோலாகும். அதற்கு எதிர்த்திசையில் வேறொரு பெயர்ச்சியும் நடந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்ட பின்னர், இலங்கையின் கைத்தொழில் கொள்கை பற்றி எழுதிய என். பாலகிருஷ்ணன் உள்ளிட்ட தமிழ் ஆசிரியர்கள் பேராதனையிலிருந்து வடக்கே சென்றனர். 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டதும் யூலையில் நாடெங்கும் நிகழ்ந்த வன்முறையும் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் அசைத்துவிட, வடக்கு கிழக்கு மாணவர் பலர் மலைநாட்டு வளாகத்தைத் தவிர்த்தனர். கிழக்கிலும் பின்னர் தென்கிழக்கிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியபின், பேராதனையின் தமிழ்வழிப் பொருளியல் வகுப்பு மேலும் மேலும் மலையகத்தினதும் கண்டி, மாத்தளைப் பகுதி முஸ்லிம் ஊர்களினதும் பிள்ளைகளின் வகுப்பாக மாறியது.

ஆசிரியரின் கை எட்டாத இடத்தை மாணவரே நிரப்பிக்கொண்ட வழக்கம் ஒன்றும் இங்குண்டு. பரீட்சைக்கு முன்னைய இரவுகளில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர், அல்லது அதே வகுப்பில் பாடம் தெளிந்த ஒருவர், விடுதியிலோ வெற்று வகுப்பறையிலோ மற்றவரைக் கூட்டிவைத்துக் கற்பிப்பதைக் குப்பி என்பர். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் சிங்கள, தமிழ் மாணவர் இரு சாராரிடமும் வழங்கும் இச்சொல், மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. பொருளியலைப் பொறுத்தவரை குப்பியின் முதன்மைப் பொருள் கணிதமே. உயர்தரத்தில் கணிதம் பயிலாது கலைப்பிரிவு வழியே வந்த மாணவருக்கு வகையீடும் புள்ளிவிபரவியலும் முதலாம் ஆண்டிலேயே சுவராக எழுந்து நிற்கின்றன. துறையின் பெயரே இன்று பொருளியல், புள்ளிவிபரவியல் துறை. எல்லைச் செலவு என்பது மொத்தச் செலவின் வகைக்கெழு என்று கரும்பலகையில் எழுதிச் செல்லும் விரிவுரைக்கும், பத்தாவது தேயிலைப் பெட்டியைச் செய்ய ஆகும் மேலதிகச் செலவு எவ்வளவு என்று கேட்டு அதே இடத்துக்கு வந்துசேரும் குப்பிக்கும் இடையில், பலரின் பட்டம் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

சிறப்புப் பட்ட மாணவர் இறுதி ஆண்டில் எழுதும் ஆய்வேடுதான் பழைய டியூட்டோரியலின் நேரடி வாரிசு. ஒரு மேற்பார்வையாளர், ஒரு மாணவர், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பத் திருத்தப்படும் ஒரு வரைவு என்ற அமைப்பில், 1950களின் கவனம் ஒரு சிறு இடத்திலாவது தொடர்கிறது. அதற்கு ஆசிரியர் தொகை போதுமா என்பது ஆண்டுதோறும் எழும் வினா. 2022க்குப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய கல்வியாளரின் எண்ணிக்கை அதை மேலும் கூர்மையாக்கியிருக்கிறது.

அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தபோது, சென்மதி நிலுவை என்ற சொல் விரிவுரைக் குறிப்பிலிருந்து எரிபொருள் வரிசைக்கு வந்தது. அரசாங்கத்துக்காக மத்திய வங்கி பணம் அச்சிட்டமை நெருக்கடிக்கு எவ்வளவு தூரம் காரணம் என்ற வாதம் எழுந்து, 1949ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் இயற்றப்பட்ட மத்திய வங்கிச் சட்டம் அரசுக்குக் கடன் கொடுப்பதைத் தடைசெய்தது. நாணய ஆணையாளர் சபையின் இறுக்கத்திலிருந்து விடுபடவே மத்திய வங்கி உருவாயிற்று என்று குணசேகர விரித்துக் காட்டிய வரலாறு, அந்த விடுதலை எங்கே வரம்பு மீறியது என்ற புதிய கேள்வியோடு இப்போது வாசிக்கப்பட வேண்டியதாயிற்று. புதிய சட்டத்தின் வாசகம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கிடைக்கிறது. ஆதலால் தமிழ்வழி மாணவர் அதைத் தாமே வாசித்துவிட முடியும். அச்சட்டம் எதற்கு மறுமொழி கூறுகிறது என்பதை அறிய அவர் 1962ஆம் ஆண்டின் ஆங்கில நூலிடம் செல்ல வேண்டும். அங்கே அவரோடு அமர்ந்து ஓர் அத்தியாயத்தைப் பிரித்துச் சொல்ல ஆசிரியர் ஒருவர் இன்னும் தேவைப்படுகிறார்.